வலது கைப் பிரேக்

ஜனவரி 7, புதன்

மாலை ஆறு மணிக்குப் பம்ப் ஹவுஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு முகாமுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை மலையில் உள்ள பழைய கழுதைப் பாதையில் போவதற்காக இரண்டு சைக்கிள்களையும் அறை வாசலில் கவிழ்த்துப் போட்டு வேலை பார்த்தேன்.

என் சைக்கிளில் பெரிதாக ஒன்றும் இல்லை. நெய்னாவுடையதுதான் கிழடு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஜெர்மன்காரரிடம் இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கினான். செயினைக் கழுவி எண்ணெய் விட்டேன். பின் டயரில் இரண்டு கருவேல முள். எடுத்துப் பஞ்சர் ஒட்டினேன். பிரேக் கேபிள் இரண்டும் துருப்பிடித்துப் போயிருந்தன. உறையோடு உருவி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். இரண்டு பிடியையும் அழுத்திப் பார்த்தேன். சக்கரங்கள் நச்சென்று நின்றன.

நெய்னா கட்டிலில் படுத்துப் பேரீச்சம்பழம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தான்.

"ஏல மாப்ள, ஒனக்கு ஒரு கல்யாணம் ஆனா பொண்டாட்டியையும் இப்படிக் கவுத்துப் போட்டு எண்ணெய் விடுவியால?"

"கொட்டையை வெளியே துப்பு. அறையில் எறும்பு வருது."

நானும் அவனும் ஓமனுக்கு வந்து பதினோரு வருடம். அவன் காயல்பட்டினம், நான் சாத்தான்குளம். ஊரில் இருக்கும்போது ஒருவரை ஒருவர் தெரியாது. அவன் சாரம் கட்டுகிறவன். இரும்புக் குழாய்களைப் பூட்டிக்கொண்டே நாற்பது மீட்டர் ஏறிவிடுவான். நான் தரையில் நின்று பம்ப் பார்க்கிறவன். முகாமில் எல்லோரும் சொல்வார்கள், இசக்கி கை வைத்த வேலை திரும்பி வராது என்று. உண்மைதான், இதுவரை வந்ததில்லை. இதை நானே எழுதுவது அழகில்லை. எழுதியாகிவிட்டது.

ஜனவரி 8, வியாழன்

தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டர். சப்பாத்தி, முட்டை. கட்டுத்துணி, மாத்திரை. சைக்கிள் திருகுகளுக்கு ஆலன் சாவிகள், குறடு, ஒரு உபரி கேபிள்.

நெய்னாவுக்கு இன்று இரட்டை ஷிப்ட். வந்ததும் சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். "நீ பாத்தாச்சுல்லா, பொறவு எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

பிப்ரவரியில் அவனுக்குத் துறைமுக வேலைக்கு மாற்றல். சாரம் மேற்பார்வையாளர். பதினோரு வருடம் காத்திருந்த பதவி. குடும்ப விசாவும் உண்டு. ராபியாவையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். மகளுக்கு ஏழு வயது. அவன் அவளோடு இருந்த நாட்களைக் கூட்டினால் எட்டு மாதம் வருமாம். எனவே இது நாங்கள் சேர்ந்து போகும் கடைசி மலை. அவன் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

(சட்டைப் பையில் வைக்கும் சின்ன நோட்டில், அங்கேயே எழுதியது. ஷிப்ட் நோட்டு எழுதிப் பழகிய கை; நேரம் போடாமல் எழுத வராது.)

7.50. மலையடிக் கிராமத்தில் காரை நிறுத்தினோம். ஒருவர் காவா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சையும் கொடுத்தார். கழுதைகளே இந்த வழியை மறந்துவிட்டன, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார்.

11.30. பாதி ஏற்றம். ஓட்டியது கொஞ்சம், தள்ளியது மிச்சம். பாதை முழுக்க உடைந்த கல். ஒரு புல் இல்லை. நெய்னா மூச்சு வாங்கிக்கொண்டே பாடுகிறான். பாட்டுக்கும் ராகத்துக்கும் சம்பந்தமில்லை.

1.50. உச்சி. செல்போனில் சிக்னல் இருந்தது. நெய்னா தொழுதுவிட்டு ராபியாவிடம் பேசினான். மகள் மலையைக் காட்டச் சொன்னாள். காட்டினான். "மரமே இல்லியே வாப்பா" என்றாள். சாப்பிட்டோம்.

2.25. அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கினோம். மழை வந்தால் மட்டும் ஓடும் காட்டாற்றின் தடம் அது. இங்கே வாதி என்பார்கள். இறங்க இறங்க இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி வருகிறது.

2.50. நெய்னா விழுந்தான்.

3.35. இப்போதுதான் எழுத முடிகிறது. அவன் முன்னால் போனான். இடுப்பளவு உயரத்தில் ஒரு பாறைப் படி. உடம்பைப் பின்னுக்குத் தள்ளித்தான் இறங்கினான், அதுதான் முறை. முன் சக்கரம் ஒரேயடியாக நின்றது. பின் சக்கரம் மேலே எழும்பி அவனைத் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டது. இடது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. தோல் கிழியவில்லை. ஆனால் கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை. முன் சக்கரம் கல்லில் மாட்டியிருக்கவேண்டும்.

டயருக்குக் காற்றடிக்கும் குழாயையும், வெள்ளம் கொண்டுவந்து போட்ட ஒரு காய்ந்த கிளையையும் வைத்துக் கட்டினேன். அவன் என் சட்டையைக் கிழித்துவிட்டான், வலியில். திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறான்.

"வலதத்தாம்ல புடிச்சேன். பின் பிரேக்கத்தான் புடிச்சேன். முன்னால எப்படில நின்னுச்சு?"

"பேசாத. தண்ணி குடி."

4.05. மாத்திரைக்குப் பிறகு கண்ணை மூடியிருக்கிறான். இங்கே சிக்னல் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கீழேயும் போக முடியாது. இருபதடி பள்ளம், சுவரில் கைவைக்க இடமில்லை. மேலே வானம் ஒரு முழ அகலத்துக்குத் தெரிகிறது. நாங்கள் இங்கே மாட்டிக்கொண்டது யாருக்கும் தெரியாது. உச்சிக்கு நடந்தே போனால் முக்கால் மணி நேரம் ஆகும்.

4.10 முதல் 4.50 வரை. சைக்கிள்களைச் சரிபார்த்தேன்.

5.00. நெய்னா விழித்தான். உச்சிக்குப் போய் போன் செய்துவிட்டு வருவதாகச் சொன்னேன். "விட்டுட்டுப் போவாத மாப்ள" என்றான். பிறகு அவனே, "போ, போ. வெயில் போவப்போவுது" என்றான்.

6.10. பாறைச் சுவர்களுக்கு நடுவில் வெளிச்சம் சீக்கிரமே போய், பாதி வழியில் இருட்டிவிட்டது. கையும் காலும் வைத்து ஏறவேண்டிய செங்குத்துப் பாறையில் கால் வழுக்கி ஆறேழு அடி சறுக்கினேன். நெய்னாவின் போன் வீடியோ பேசியதில் அணைந்துவிட்டது; என்னுடையதில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ். அந்த வெளிச்சத்தில் ஏறினால், மேலே போய்ப் பேசுவதற்குப் போன் இருக்காது. திரும்பிவிட்டேன். காலையில் போகலாம்.

அவனுடைய பாதம் சில்லென்று இருக்கிறது.

ஜனவரி 10, சனி

இரவைப் பற்றி எழுத எதுவும் இல்லை. குளிர். அவன் தலை என் மடியில் இருந்தது.

6.15க்கு ஏறினேன். 7.00 மணிக்கு உச்சி. முதல் தடவையே போன் கிடைத்தது. 9.20க்கு மீட்புப் படையும், நேற்றுக் காவா கொடுத்தவரும் கிராமத்து ஆட்களும் வந்தார்கள். காவாக்காரர் தன் சால்வையை எடுத்து நெய்னாவின் மேல் போட்டார்.

படுக்கையில் கட்டித் தூக்கும்போது நெய்னா கேட்டான்.

"மாப்ள, கால் இருக்கா? எனக்குத் தெரியவே மாட்டேங்கு."

"இருக்குல."

ஜனவரி 11, ஞாயிறு

அறுவை சிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை மலையாள நர்ஸ் விளக்கினார். காலுக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டது. சதை செத்துவிட்டது. காலை எடுக்கவேண்டியதில்லை. ஆனால் பாதம் இனி மேலே தூக்காது, தொங்கும். விழுந்த அன்று இரவே, பத்து மணிக்குள் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

டாக்டர் என்னிடம் நேரம் கேட்டார். விழுந்தது 2.50, போன் செய்தது மறுநாள் காலை 7.00 என்று சொன்னேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்.

சிக்னல் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜனவரி 12, திங்கள்

மூன்றாம் பம்ப், சீல் மாற்றினேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 14, புதன்

நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி முகாமுக்கு வந்து, கிராமத்து ஆட்கள் மலையிலிருந்து மீட்டுக் கொடுத்த நெய்னாவின் சைக்கிளைப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வொரு பிடியாக அழுத்தினார். வலது கைக்குப் பின் சக்கரம் நின்றது, இடது கைக்கு முன் சக்கரம். ஆஸ்பத்திரியில் நெய்னா அவரிடம் தன் சைக்கிளில் வலது பின்னால், இடது முன்னால் என்றுதான் சொல்லியிருக்கிறான். எல்லாம் ஒத்துப்போகிறது. 'வாகனத்தில் குறை இல்லை. ஓட்டியவர் கை தவறி முன் பிரேக்கைப் பிடித்துள்ளார்' என்று எழுதி என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்.

போட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் அதே பேச்சு. "பதினோரு வருசம் குழாயில தொங்குனவனுக்குச் சோத்துக்கை எது பீச்சாங்கை எதுன்னு மறந்துட்டே" என்று ஒருவன் சொன்னான். கேலிதான், கெட்ட எண்ணமில்லை. நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

நெய்னாவைப் பார்த்தேன். துறைமுக வேலை கைவிட்டுப் போயிற்று. காலுக்காக மட்டும் என்றால் தரையில் ஏதாவது பொறுப்புக் கொடுத்திருப்பார்களாம். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு மேலதிகாரி சொன்னாராம்: பதற்றத்தில் கை தடுமாறுகிறவன் சொல்லை நம்பி மற்றவர்களை எப்படிச் சாரத்தில் ஏற்றுவது?

நெய்னா அழவில்லை. வலது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தான்.

"சத்தியமா வலதத்தான் புடிச்சேன்னு தோணுது மாப்ள. ஆனா நீ கையெழுத்துப் போட்டிருக்க. சைக்கிளும் அப்படித்தான் இருக்கு. அப்பம் எனக்குத்தான் தப்பு." பிறகு, "காலு போனது கூட ஒண்ணுமில்ல. நேத்து டம்ளரை எடுக்கப் போனேன். எந்தக் கையால எடுக்கணும்னு ஒரு நிமிசம் நின்னுட்டேம்ல" என்றான்.

நான் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தேன். திறக்காத ஜன்னல். ஏசிக்காக மூடி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 17, சனி

இன்று விடுமுறை. கதவைப் பூட்டிக்கொண்டு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எழுதியதெல்லாம் உண்மை. சக்கரம் கல்லில் மாட்டியது என்ற ஊகத்தைத் தவிர ஒரு பொய்கூட இல்லை. எவ்வளவு கெட்டிக்காரன் நான்!

விட்டதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சைக்கிளுக்கு வலது கை முன் பிரேக். மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான். இங்கே விற்கிற வண்டிகள் பலதும் தலைகீழ்: வலது கை பின்னால். என் சைக்கிளை வாங்கிய அன்றே ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். நெய்னா மாற்றவில்லை. அவன் ஊரில் ஓட்டியதே இல்லை, மலையில் ஓட்டப் பழகியதே ஜெர்மன்காரர் வண்டியில்தான். வலது பின்னால், இடது முன்னால் என்று அவன் கைக்குள் ஊறிவிட்டது. எனக்கு இது தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும்.

புதன்கிழமை பழைய கேபிள் இரண்டையும் உருவி எறிந்துவிட்டுப் புதிது போடும்போது என் கை என் ஊர்ப்படி போட்டுவிட்டது. அழுத்திப் பார்த்தேன், சக்கரம் நின்றது. எந்தப் பிடிக்கு எந்தச் சக்கரம் என்று பார்க்கவில்லை. நான் பார்க்கவேண்டுமா? நான் செய்த வேலை ஆயிற்றே.

இது தவறு. தவறு யாருக்கும் நேரும். இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் கை வரவில்லை.

உச்சியில் சைக்கிளில் ஏறி நாலடி உருட்டிய நெய்னா நின்று திரும்பினான். "பிரேக்கு ஒரு மாதிரி இருக்குல" என்றான். நான் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். "புது கேபிள் அப்படித்தான் இருக்கும். நீ எனக்குச் சொல்லித் தராத" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்தப் படி வரும்வரை இரண்டு பிடியையும் சேர்த்தே பிடித்திருப்பான்; படியில்தான் வலதை மட்டும் பிடித்தான்.

விழுந்தபிறகு, "வலதத்தான் புடிச்சேன்" என்று அவன் சொன்ன அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் கண்ணை மூடியதும் அவனுடைய சைக்கிளைப் பாறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். வலது பிடியை அழுத்தினேன். முன் சக்கரம் நின்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் வலிக்காக அல்ல. இசக்கி கை வைத்த வேலை திரும்பி வந்துவிட்டது என்பதற்காக.

இரண்டு கேபிளையும் இடம் மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. அவசரத்தில் ஒரு கேபிளின் நுனி பிரிந்து, பிரேக் அருகில் உள்ள திருகில் நுழைய மறுத்தது. உபரி கேபிளை எடுத்துப் போட்டேன். அதையும் ஒழுங்காக இழுத்துப் பிடித்து, மிச்சத்தைக் குறடால் வெட்டி, வெட்டிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாற்பது நிமிடம்.

4.10க்கு உச்சிக்குக் கிளம்பியிருந்தால் ஐந்து மணிக்குள் போன் செய்திருப்பேன். வெளிச்சம் இருந்தது. மீட்புப் படை வர இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. கூட்டிப் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கூட்டினாலும் அதே விடைதான் வருகிறது.

வெட்டிய துண்டு இன்னும் அந்தச் சட்டையில் இருக்கிறது. சட்டையைத் துவைக்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று போய்ச் சொல்லிவிடலாம் என்று ஆஸ்பத்திரி வரை போனேன். ராபியா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டச் சொன்னாள்.

"அண்ணே, ராத்திரி முழுக்க மடியில போட்டுப் பாத்துக்கிட்டீங்களாமே. ஒங்க கூடப்பொறந்தவளா கேக்கேன், இனிமே இவுங்கள சைக்கிள்ல ஏற விடாதீங்க. கை நிதானமில்லாம போச்சு."

நெய்னா தலையைக் குனிந்துகொண்டான். பதினோரு வருடத்தில் அவன் யாருக்கும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

சொல்லாமல் திரும்பிவிட்டேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு நிமிடம் நின்றது. உள்ளே நான் மட்டும். அப்படியே நின்றுவிடாதா என்று இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன். நெய்னாவின் சைக்கிளை வாசலில் கவிழ்த்தேன். கேபிள்களை மறுபடி இடம் மாற்றினேன், விழுந்த அன்று இருந்ததுபோலவே. இந்த முறை ஆறு நிமிடம்.

ஒரு பிக்கப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நர்ஸிடம் கெஞ்சி, நெய்னாவைச் சக்கர நாற்காலியில் பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்து வந்தேன். சைக்கிளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இத எதுக்குல இங்க கொண்டாந்த? கண்ணுல காட்டாத."

"ஒரே ஒரு தடவ. வலதப் பிடி."

முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டேன். வேண்டாவெறுப்பாக வலது பிடியை அழுத்தினான். முன் சக்கரம் நின்றது. நெய்னா கையை எடுத்தான். மறுபடி நானே சுழற்றினேன். மறுபடி அழுத்தினான். நின்றது. ஐந்தாறு தடவை இப்படி.

"அப்பம் என் கை சரிதான்" என்றான். "மாப்ள, என் கை சரிதாம்ல! யா அல்லாஹ்! நான் வலதத்தான் புடிச்சேன்!" என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். கண்ணீர் தாடியில் ஓடியது. "ராபியாட்ட சொல்லணும். போன எடு."

போனை எடுத்துக் கொடுத்தேன். அவன் எண்ணைத் தேடினான். பாதியில் நிறுத்தினான்.

"அந்த ஆபீசர் பாத்தப்பம் வலது பின்னாலன்னுல்ல எழுதுனாரு."

தூக்கிப் பிடித்திருந்த முன் சக்கரத்தைக் கீழே வைத்தேன்.

"கேபிள் போட்டது நீ."

"ஆமா."

"பொறவு மாத்துனதும் நீதானா? எப்பம்?"

"நீ கண்ணை மூடியிருந்தப்போ. பாறைக்குப் பின்னால வச்சு."

"எவ்வளவு நேரம்ல ஆச்சு?"

வேறு எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். ஏன் செய்தாய் என்று கேட்பான், திட்டுவான், அடிப்பான் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"நாப்பது நிமிசம்."

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் பாதத்தைப் பார்த்தான். அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"அப்பம் வெயில் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

போர்வையை இழுத்து அதை மூடிவிட்டு, "நீ போ. சைக்கிள் இங்கயே இருக்கட்டும்" என்றான். மாப்ள என்று சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

பாதுகாப்பு அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வெட்டிய கேபிள் துண்டையும் கொடுத்தேன். பழைய அறிக்கையை ரத்து செய்து புதிதாக எழுதினார். நெய்னா மேல் தவறில்லை என்பதை அவனுக்கும் மேலதிகாரிக்கும் கடிதமாகவே அனுப்பினார்கள். துறைமுக வேலைக்கு அதற்குள் வேறு ஆள் போட்டாயிற்று. என்னைப் பம்ப் ஹவுஸிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். கருவி எதையும் கையால் தொடவேண்டாம், எண்ணிக்கை பார்த்தால் போதும்.

சட்டையைத் துவைத்தேன்.

ஜனவரி 24, சனி

நெய்னா இன்று ஊருக்குப் போய்விட்டான். விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியிருந்தான். கடிதத்தை நெகிழித் தாளில் போட்டுப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டானாம்.

சைக்கிளையும் கொண்டுபோகிறான் என்று கேள்விப்பட்டேன். கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டவேண்டும். முகாமில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். நேற்று மாலை முழுக்க ஆலன் சாவிகளை எடுத்து வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன்.

முகாம் சமையல்காரரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துக் கட்டிக்கொண்டான். பிரேக் கேபிளில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டானாம்.